சட்டம் முடித்ததும் சொந்த அலுவலகமா, சீனியரிடம் ஜூனியரா?

சட்டப் படிப்பை முடித்து, வக்கீலாகப் பதிவும் செய்துகொண்டவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. உடனே சொந்தமாக அலுவலகம் திறக்கலாம். ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேரலாம். பெரிய சட்ட நிறுவனத்துக்கு மாதச் சம்பளத்தில் போகலாம். கூடப் படித்த இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பெயர்ப்பலகை மாட்டலாம். எதில் வருமானம் சீக்கிரம் வரும், எதில் சுதந்திரம் அதிகம் என்று பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கேள்விகளும் முக்கியம்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: நீங்கள் முதல் வருடம் எழுதப்போகிற நோட்டீஸையும் பிராதையும் (வழக்கைத் தொடங்கும் மனு) மற்ற மனுக்களையும் தாக்கல் செய்வதற்கு முன் யார் படித்துப் பார்ப்பார்கள்? அதற்கு ஒரு பெயர் உங்களிடம் இருந்தால் நான்கு வழிகளில் எதில் போனாலும் தேறிவிடலாம். பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், அலுவலகம் திறப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

சில நாடுகளில் இந்தத் தேர்வே உங்கள் கையில் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் தனி உரிமையாளராக அலுவலகம் நடத்த, ஏற்கெனவே ஒரு சட்ட அலுவலகத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் புதிய வக்கீலுக்கு முதலில் கிடைப்பது கட்டுப்பாடுள்ள உரிமம். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் இன்னொருவர் மேற்பார்வையில் இருந்த பிறகே தனியாக இயங்கலாம். மலேசியாவில் ஒன்பது மாதம் பயிற்சி. இங்கிலாந்தில் பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் வாதாடும் வக்கீல், ஆகிறவர் பொதுவாக ஓராண்டு பயிற்சி முடித்த பிறகும், முதல் மூன்று ஆண்டுகளுக்கு, சந்தேகம் கேட்க ஒரு தகுதியுள்ள மூத்தவர் கைக்கெட்டும் இடத்திலிருந்துதான் தொழில் செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இந்தியாவிலும் அப்படிக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின்படி, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும். சொந்தப் பெயரில் வக்காலத்து (கட்சிக்காரருக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) போடலாம். பதிவுக்கு முன் ஓராண்டு பயிற்சி வேண்டும் என்று பார் கவுன்சில் 1995-இல் கொண்டுவந்த விதிகளை, அப்படி விதிக்க அதற்கு அதிகாரமில்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதே உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில், சிவில் நீதிபதி தேர்வு எழுதுவதற்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக, நீதிபதியாக உட்கார மூன்று ஆண்டு வேண்டும். அந்த நீதிபதிக்கு முன்னால் ஒருவருடைய வீட்டையோ விடுதலையையோ கையில் வைத்துக்கொண்டு நிற்க ஒரு நாள் அனுபவம்கூட வேண்டாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே நாம் தயாராகிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சொந்தமாக, உடனே

இந்த வழியின் நன்மைகள் உண்மையானவை. கட்சிக்காரரோடு நேராகப் பேசுகிறீர்கள். அவருடைய கதையை முதல் தடவை கேட்பதிலிருந்து தீர்ப்பு நகலை வாங்கிக் கொடுப்பது வரை ஒரு வழக்கு முழுவதையும் பார்க்கிறீர்கள். சீனியரிடம் ஐந்து வருடம் இருந்தும் ஃபீஸ் பேசத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். சொந்தமாகத் தொடங்கியவருக்கு அது மூன்றாவது மாதத்திலேயே வந்துவிடும். எந்த வழக்கை எடுப்பது, எதை வேண்டாம் என்று சொல்வது என்ற உரிமையும் உங்களுடையது.

புத்தகங்களும் சட்ட இதழ்களும் வாங்கக் காசில்லை என்பது ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. இன்று இந்தியன் கானூன், ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்லி, பிரிட்டனின் பெய்லி போன்ற தளங்களில் தீர்ப்புகளை இலவசமாகவே படிக்கலாம். தீர்ப்பு கிடைப்பதில் சிறிய அலுவலகத்துக்கும் பெரிய அலுவலகத்துக்கும் முன்பிருந்த தூரம் இப்போது இல்லை. எந்தத் தீர்ப்பு நம் வழக்குக்குப் பொருந்தும், எது பொருந்துவதுபோல் தெரிந்து காலை வாரும் என்று சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதில்தான் தூரம் அப்படியே இருக்கிறது.

ஒரு சாதாரணக் கடன் வழக்கை எடுத்துக்கொள்வோம். கட்சிக்காரர் ஒரு புரோநோட்டோடு வருகிறார். கேட்கும்போது திருப்பித் தருவதாக எழுதி, கையெழுத்தும் சாட்சிகளும் சரியாக இருக்கின்றன. 'இப்பத்தான் ஆறு மாசத்துக்கு முன்னாடி கொஞ்சம் வட்டி கொடுத்தார், அதுக்கப்புறம் போனையே எடுக்கறதில்லை' என்கிறார். புதிய வக்கீல் கடன் தொகையையும் வட்டியையும் கணக்குப் போட்டு, அழகான ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதிலுக்காகக் காத்திருப்பார். சீனியர் அந்தத் தாளை வாங்கியதும் முதலில் பார்ப்பது தேதியைத்தான். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் வரவு எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் யார் கையெழுத்து? இந்தியச் சட்டப்படி இப்படிப்பட்ட புரோநோட்டுக்கு அது எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. இடையில் கொடுத்த பணத்தால் காலவரம்பு புதிதாகத் தொடங்க வேண்டுமானால், அந்தப் பணம் மூன்று ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுத்ததற்கு, கொடுத்தவர் தன் கைப்பட எழுதிய அல்லது கையொப்பமிட்ட எழுத்தும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் ரொக்கமாகக் கொடுத்த வட்டிக்கு எழுத்து எதுவும் இல்லை, நோட்டு எழுதி இரண்டு வருடம் பதினோரு மாதம் ஆகிறது என்றால், நோட்டீஸுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்க நேரமே இல்லை. அந்த வாரமே பிராது தாக்கலாக வேண்டும். மேல்முறையீடு தாமதமானால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட இந்தியச் சட்டத்தில் வழியிருக்கிறது. மூல வழக்குக்கு அந்த வழி கிடையாது. ஒரு நாள் தப்பினாலும் போனது போனதுதான்.

தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை எந்தக் கல்லூரித் தேர்வும் கேட்பதில்லை. காலவரம்புச் சட்டத்தின் பிரிவுகளைப் பிழையில்லாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்கூட, எதிரே கவலையோடு ஒரு மனிதர் உட்கார்ந்து கதை சொல்லும்போது அந்தக் கதையில் கரைந்துபோய்த் தேதியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். அருகிலிருந்து யாராவது நான்கைந்து தடவை சுட்டிக்காட்டினால்தான் அது கைப்பழக்கமாகும்.

இன்னொரு ஆபத்து, கட்சிக்காரரின் பணம். கோர்ட் கட்டணத்துக்கென்று கொடுத்த தொகையும், சமரசத்தில் வந்த தொகையும், உங்கள் ஃபீஸும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால், வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் யார் பணம் செலவானது என்று உங்களுக்கே தெரியாது. பல நாடுகளில் இதற்குத் தனிக் கணக்கு கட்டாயம். கலந்துவிட்டால் உரிமமே போகலாம். கட்டாயம் இல்லாத இடத்திலும் முதல் நாளே தனிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மூன்றாவது, வருகிற எல்லா வழக்கையும் எடுத்துக்கொள்வது. கையில் வழக்கு இல்லாத மாதத்தில் விவாகரத்து, ஜாமீன், நிலத் தகராறு, வரி மேல்முறையீடு என எது வந்தாலும் சரி என்று சொல்லத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை, தனி நீதிமன்றம், தனிப் படிவம். எதிலும் பழக்கம் ஏறாது.

உடனே சொந்தமாகத் தொடங்கி நிலைத்தவர்களின் கதையைக் கூர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஜான் பேட்ஸ், வான் ஓ'ஸ்டீன் என்ற இரண்டு இளம் வக்கீல்கள் 1974-இல் ஃபீனிக்ஸ் நகரில் குறைந்த கட்டணச் சட்ட அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். வழக்கு போதாமல், 1976-இல் பத்திரிகையில் கட்டண விவரத்தோடு விளம்பரம் கொடுத்தார்கள்; வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதியை மீறியதாக நடவடிக்கை வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1977-இல் வந்த தீர்ப்பு, வக்கீல் விளம்பரத்துக்கு முழுத் தடை போடக் கூடாது என்று சொல்லி அந்த நாட்டின் வக்கீல் தொழிலையே மாற்றிவிட்டது. அந்தத் தீர்ப்பால்தான் அவர்கள் பெயர் நிலைத்தது. ஆனால் புதிய வக்கீல் கவனிக்க வேண்டிய விஷயங்கள் வேறு இரண்டு. 1972-இல் பட்டம் பெற்றதும் அவர்கள் நேராக அலுவலகம் திறக்கவில்லை. சட்ட உதவி மையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தார்கள். திறந்த பிறகும், எதிர்ப்பில்லாத விவாகரத்து, தத்தெடுப்பு, பெயர் மாற்றம், எளிய திவால் மனு என்று ஒரே மாதிரியான சில வேலைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். திரும்பத் திரும்ப ஒரே வேலை வந்தால்தான் குறைந்த கட்டணத்தில் பிழையில்லாமல் செய்ய முடியும்.

இந்தியாவில் விளம்பரத்துக்கு இன்றும் தடைதான்; இணையதளத்தில் பெயர், தகுதி, முகவரி போன்ற சில விவரங்களை மட்டும் போடலாம். அதனால் இங்கே புதிய வக்கீலுக்கு வழக்கு வருவது பெரும்பாலும் மற்ற வக்கீல்கள் வழியாகத்தான். நேரமில்லாமல், அல்லது எதிர்த் தரப்பு ஏற்கெனவே தன் கட்சிக்காரர் என்பதால், அவர்கள் தட்டிக்கழிக்கிற வழக்குகள் அவை. மற்ற வக்கீல்கள் உங்களை நம்பி அனுப்ப வேண்டுமானால் உங்கள் வேலையை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் நாளிலிருந்து தனி அறையில் உட்கார்ந்திருப்பவரின் வேலையை யார் பார்ப்பார்கள்?

சீனியரிடம் சேர்வது

ஆபிரகாம் லிங்கன் 1837-இல் வக்கீலானதும் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜான் ஸ்டூவர்ட் என்ற மூத்த வக்கீலோடு சேர்ந்தார். ஸ்டூவர்ட்டுக்கு அரசியலில்தான் நாட்டம். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வாஷிங்டன் போய்விட, அலுவலகத்தை லிங்கன் தனியாகவே பார்த்துக்கொண்டார். 1841-இல் ஸ்டீஃபன் லோகனிடம் போனார். லோகன் முன்னாள் நீதிபதி, ஆவணம் தயாரிப்பதிலும் வழக்குக்குத் தயாராவதிலும் கறாரானவர். ஒழுங்காகத் தொழில் செய்ய லிங்கன் கற்றுக்கொண்டது இங்கேதான். 1844-இல்தான் தனி அலுவலகம் தொடங்கினார். லோகனோடு இருந்த அலுவலகத்தில் சட்டம் பயின்ற ஹெர்ண்டன் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்.

ஒரே மனிதர், இரண்டு சீனியர்கள். ஒருவரிடம் பொறுப்பு கிடைத்தது, இன்னொருவரிடம் பயிற்சி கிடைத்தது. சீனியரிடம் சேர்வதா வேண்டாமா என்பதைவிட எந்தச் சீனியரிடம் என்பதுதான் உங்கள் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும். பெயர் பெரியதாக இருப்பதை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். பேர்பெற்ற சீனியரிடம் பதினைந்து ஜூனியர்கள் இருப்பார்கள். வாய்தா வாங்குவதும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதுமாகவே இரண்டு வருடம் ஓடிவிடும். ஒரு வாரம் அவருடைய கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஜூனியர்கள் எழுந்து பேசுகிறார்களா? அவர்கள் தடுமாறும்போது சீனியர் என்ன செய்கிறார்? அவரிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். நான்கைந்து பேர் சொந்தமாக நல்ல அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தால் அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். ஜூனியர் எழுதியதைத் தானே அடித்துத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று இரண்டு வார்த்தை சொல்கிற சீனியர் கிடைத்தால், அவர் கோபக்காரராகவே இருந்தாலும் விடாதீர்கள்.

சீனியரைப் போலவே குமாஸ்தாவிடமும் கற்க நிறைய இருக்கிறது. தாக்கல் செய்த மனு ஏன் திரும்பி வந்தது, எந்தக் கட்டணம் குறைந்தது, எந்த நகலில் சான்று இல்லை, எந்தப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டு எப்படித் தைக்கப்படுகிறது என்று கற்றுக்கொண்ட ஜூனியர், பின்னால் தனியாகப் போகும்போது தடுமாறுவதில்லை.

இந்த வழியின் பெரிய குறை பணம். பல இடங்களில் ஜூனியருக்குக் கொடுப்பது போக்குவரத்துக்கே போதாது. எதுவுமே கொடுக்காத அலுவலகங்களும் உண்டு. இதை நான் மரபு என்று ஏற்கமாட்டேன். வீட்டில் இரண்டு மூன்று வருடம் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே நல்ல சீனியரிடம் பயிற்சி பெற முடிகிறது என்றால், தாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் பயிற்சியில்லாமலேயே தனியாகத் தொடங்குகிறார்கள், அல்லது தொழிலை விட்டே போகிறார்கள். முதல் தலைமுறை வக்கீல்களுக்கு இதில் இழைக்கப்படுவது அநீதி. சேரும்போதே மாதம் எவ்வளவு, சொந்த வழக்கு எடுக்கலாமா, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிறவரிடம் சேராமல் இருப்பதே நல்லது.

நிறுவனம், நண்பர்கள்

பெரிய சட்ட நிறுவனத்தில் சம்பளம் சரியாக வரும். எதிர்த் தரப்பு நம் பழைய கட்சிக்காரரா என்று வழக்கை எடுக்கும் முன்பே சரிபார்ப்பது, செலவழித்த நேரத்தைக் குறித்துவைப்பது, ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடத்தில் பதிவது போன்ற ஒழுங்குகள் அங்கே இயல்பாகவே வந்துவிடும். கல்விக் கடன் இருப்பவருக்கு இதுவே சரியான தொடக்கம். ஆனால் மூன்று வருடம் ஒப்பந்தங்களை மட்டும் படித்துவிட்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்தேயிராமல் வெளியே வருபவர்கள் உண்டு. கோர்ட்டில் நிற்கத்தான் ஆசை என்றால் இந்த வழி உங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

நண்பர்களாகச் சேர்ந்து தொடங்குவது மனதுக்குப் பிடித்த வழி. வாடகை, கணினி, உதவியாளர் செலவு மூன்றாகப் பிரியும். ஒருவர் வேறு கோர்ட்டில் இருந்தால் இன்னொருவர் போய் நிற்கலாம். ஆனால் மூன்று பேருக்கும் அனுபவம் ஒன்றுதான். தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது. மேலும் சட்டப்படி பங்குதாரர்கள் ஆகிவிட்டால், ஒருவர் செய்த தவறுக்கும் வாங்கிய கடனுக்கும் மற்றவர்களும் பொறுப்பாக நேரிடும். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கிற வக்கீல்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளாமல் தொடங்கிவிடுகிறார்கள். அறையை மட்டும் பகிர்ந்துகொண்டு வழக்குகளையும் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது முதல் சில வருடங்களுக்கு நல்லது.

நான் எதைச் சொல்வேன்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது சொந்த அலுவலகத்துக்கும் ஜூனியர் வேலைக்கும் நடுவில் உள்ள ஒரு வழி. இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒரு சீனியரின் அலுவலகத்தில் இருங்கள். சேரும்போதே சொந்த வழக்குகளுக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே சட்ட உதவிப் பட்டியலில் பெயரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அதில் ஃபீஸ் குறைவுதான். ஆனால் அந்த வழக்குகளில் எழுந்து நின்று பேசுவது நீங்கள். சாயங்காலம் போய்ச் சந்தேகம் கேட்க ஒருவரும் இருக்கிறார். வக்கீல் வைக்க வழியில்லாத ஒருவருக்கு ஆள் கிடைக்கிறார் என்பதும் சின்ன விஷயமில்லை.

காந்தியின் தொடக்க காலம் இதற்கு நல்ல சாட்சி. 1891-இல் லண்டனில் பாரிஸ்டராகி பம்பாய்க்கு வந்தவர், தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய ஃபீஸையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு ராஜ்கோட்டில் மனு எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தார். அந்த வேலை அவருடைய அண்ணனின் தொழில் கூட்டாளியான வக்கீல் வழியாக வந்தது. 1893-இல் தென்னாப்பிரிக்கா போனதும் தாதா அப்துல்லா என்ற வணிகரின் வழக்கில் அங்கிருந்த வக்கீல்களுக்கு உதவியாளராகத்தான் இருந்தார். கணக்குப் புத்தகங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டு, வழக்கின் விவரங்களுக்குள் முழுதாக இறங்கினார். அந்த வழக்கு கடைசியில் மத்தியஸ்தத்தில் முடிந்தது. அவர் வக்கீலானது அந்த உதவியாளர் வேலையில்தான்.

உடனே தனியாகத் தொடங்கலாம் என்று நான் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். சட்டம் படிக்கும் முன்பே பதிவு அலுவலகத்திலோ வரித் துறையிலோ வங்கியிலோ பல ஆண்டு வேலை பார்த்து, அந்த ஒரு துறையில் மட்டும் தொழில் செய்யப் போகிறவர். ஒரு வருடம் ஃபீஸே வராவிட்டாலும் வீடு நடத்தக் கையில் பணம் உள்ளவர். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுக்கிற ஒரு மூத்த வக்கீல் உள்ளவர். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். மூன்றில் ஒன்று குறைந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். மூத்த வக்கீல் இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுக்கொள்ளலாமே என்பவர்கள் 2023-இல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கைப் படியுங்கள். சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்ததற்காக வக்கீல்களுக்கு அபராதம் விழுந்தது. அதை நம்பி எடுத்தவர் பல்லாண்டு அனுபவமுள்ளவர்.

எந்த வழியில் போனாலும் ஃபீஸை எழுத்தில் வையுங்கள். இந்த வழக்கு எதுவரை, மேல்முறையீடு சேர்த்தா சேர்க்காமலா, செலவு யாருடையது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். புதியவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பின்னால் வரும் மனஸ்தாபங்களில் பெரும்பகுதி அந்தக் கூச்சத்தில் தொடங்கியதுதான்.

சீனியரிடமிருந்து எப்போது கிளம்புவது என்பதற்கு வருடக் கணக்கு வேண்டாம். ஒரு வழக்குக் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நீங்களே தயாரித்து, அவர் திருத்த எதுவுமில்லாமல் இரண்டு மூன்று தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால் காலம் வந்துவிட்டது. கிளம்புவதை முதலில் அவரிடமே சொல்லுங்கள். கோர்ட் வளாகத்தில் மூன்றாம் ஆள் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவருடைய கட்சிக்காரர்களுக்கு நீங்களாகப் போன் செய்யாதீர்கள். யாராவது தானாகவே உங்களைத் தேடி வந்தால், ஏற்கெனவே வக்காலத்து போட்டிருக்கும் வக்கீலின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே உங்கள் வக்காலத்தைத் தாக்கல் செய்யுங்கள். இந்தியாவில் பார் கவுன்சில் விதியும் அதைத்தான் கேட்கிறது. உங்களுக்கு முதல் வருடம் வரப்போகிற வழக்குகளில் பாதியை அனுப்பப்போகிறவர் அநேகமாக அந்தச் சீனியராகவே இருப்பார்.